பெயர் இல்லாத மாத்திரை வேண்டாம் அம்மிணி! திருப்பூர்ப் பிள்ளைகளின் பீரியட்ஸும் ஹார்மோனும்

2019-ம் ஆண்டு ஜூன் மாதம். தமிழ்நாட்டின் ஜவுளி ஆலைகளில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி, தாம்சன் ராய்ட்டர்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு புலனாய்வுச் செய்தியை வெளியிட்டது. பீரியட்ஸ் வலி என்று சொன்னபோதெல்லாம் ஆலையில் தங்களுக்கு ஒரு மாத்திரை கொடுக்கப்பட்டதாக அந்தப் பெண்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். அந்த மாத்திரையில் பெயர் இல்லை. என்ன மருந்து என்ற விவரம் இல்லை. காலாவதி தேதியும் இல்லை. பெரும்பாலும் அதைக் கொடுத்தவர் டாக்டரோ நர்ஸோ அல்ல.

வலி நின்றது, மிஷின் ஓடியது, சம்பளம் பிடிக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் பிற்பாடு தங்கள் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள். மன அழுத்தம், சிறுநீர்த் தொற்று, கருப்பையில் நார்க்கட்டி, கருச்சிதைவு என்று அவர்கள் சொன்ன பட்டியல் நீண்டது. மாத்திரைகளை மருத்துவர்களிடம் காட்டியபோது அவை ஐபுபுரூஃபன் வகையைச் சேர்ந்த வலி நிவாரணிகள் என்று தெரிந்தது. செய்தி வெளியானதும் ஜவுளித் தொழிலாளர்களின் உடல்நிலையைக் கண்காணிக்கப் போவதாகத் தமிழக அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது.

அந்தப் பெண்கள் சொன்ன எல்லா நோய்க்கும் அந்த மாத்திரைதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. ஆனால், பீரியட்ஸ் வலி, தள்ளிப்போவது, அதிகமாகப் போவது எல்லாமே உடம்பு நமக்கு அனுப்பும் தகவல். அந்தத் தகவலைப் படிக்காமல், மாதா மாதம் ஒரு மாத்திரையால் அமுக்கிவிட்டால், உள்ளே என்ன நடக்கிறது என்று வருடக்கணக்கில் தெரியாமலே போய்விடும். அதிலும் 13 வயதிலிருந்து 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அது பெரிய இழப்பு. ஏனென்றால் சினைப்பையும் ஹார்மோனும் ஒரு ஒழுங்குக்கு வருகிற வயது அதுதான்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கம் 2015-ல் தன் மருத்துவர்களுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. காய்ச்சல், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பது போலவே, வளரிளம் பெண் வந்தால் அவளுடைய மாதவிடாய்ச் சுழற்சியையும் ஓர் உயிர்க்குறியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்றது அது. திருப்பூர் போன்ற ஊருக்கு இந்த அறிவுரை இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

ஒன்றரை ஷிஃப்டும் ஒரு சுழற்சியும்

ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே வரும் 'ஒன்றரை ஷிஃப்ட்' இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த கையோடு செக்கிங், மடிக்கிற வேலை, பேக்கிங் என்று பனியன் கம்பெனிக்குள் நுழையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவிநாசி, பல்லடம், தாராபுரம் பக்கமும், திண்டுக்கல், ஈரோடு பக்கமும் நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்து, வயிறு வலிக்கிறது என்பதைத் தமிழில் சொல்லவே தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குப் போய்விட, வீட்டில் தனியாகப் படித்துக்கொண்டிருக்கும் பள்ளி மாணவிகள் இன்னொரு பக்கம்.

ஒருகாலத்தில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் 3 வருட ஒப்பந்தம் போட்டு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருகிறோம் என்று சொல்லி இளம் பெண்களை ஆலை விடுதிகளில் சேர்த்தார்கள். 2011 வாக்கில் அது உலக அளவில் விவாதமாகி, வெளிநாட்டு பிராண்டுகள் வரை கேள்வி போனது. கூலி, வேலை நேரம் பற்றியெல்லாம் அப்போது நிறையப் பேசினார்கள். அந்த விடுதிகளில் இருந்த பிள்ளைகளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வந்ததா என்ற கேள்வி மட்டும் அதிகம் காதில் விழவில்லை.

'இந்த மாசம் வரலையா, நல்லதாப் போச்சு, ஒரு தொந்தரவு கம்மி' என்று நினைக்கும் பிள்ளைகள் உண்டு. கழிவறைக்குப் போகவே கணக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் 3 மாதம் வராமல் இருப்பது தொந்தரவு குறைந்ததற்கு அடையாளம் இல்லை. உடம்பு ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

உள்ளே என்ன நடக்கிறது?

சுழற்சியைத் தொடங்கி வைப்பது கருப்பை அல்ல, மூளை. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, எஃப்.எஸ்.ஹெச்., எல்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் அனுப்புகிறது. அவை சினைப்பைக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே இருக்கும் நுண்ணிய பைகளில் சில வளரத் தொடங்குகின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு முட்டை. வளரும்போது அவை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கின்றன. கருப்பையின் உள்சுவர் தடிக்கிறது. நன்றாக வளர்ந்த ஒரு பை மட்டும் வெடித்து முட்டையை வெளியே விடுகிறது. வெடித்த பை புரோஜெஸ்டிரோனைச் சுரக்கிறது. கரு உருவாகாவிட்டால் சுமார் 2 வாரத்தில் அந்தச் சுரப்பு நிற்கும். உள்சுவர் உதிரும். அதுதான் பீரியட்ஸ்.

வயதுக்கு வந்த புதிதில் மூளைக்கும் சினைப்பைக்கும் இடையே இந்தப் பேச்சுவார்த்தை சரியாகப் பழகியிருக்காது. பல மாதங்களில் முட்டை வெளியே வராது. அதனால் ஒரு மாதம் வரும், அடுத்த மாதம் வராது. சீர் முடிந்து அடுத்த 3 மாதத்துக்கு ஒன்றும் வரவில்லை என்று பாட்டிகள் பதறுவதும், 'நாட்டு மருந்து குடு' என்று அக்கம்பக்கம் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். முதல் வருடம் முன்னே பின்னே வருவது பெரும்பாலும் இயல்பு. ஒழுங்குக்கு வர 2 முதல் 3 வருடங்கள் ஆகலாம்.

அப்படியென்றால் எதுவரை காத்திருக்கலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

இந்தக் கணக்கைக் குறித்து வையுங்கள்

* வயதுக்கு வந்து 1 வருடத்துக்குள்: நாட்கள் முன்னே பின்னே வரலாம். குறித்து வைத்தால் போதும்.

* 1 முதல் 3 வருடங்களுக்குள்: ஒரு பீரியட்ஸின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள் வரை எண்ணுங்கள். 21 நாளுக்குக் குறைவாகவோ 45 நாளுக்கு அதிகமாகவோ தொடர்ந்து இருந்தால் காட்ட வேண்டும்.

* 3 வருடங்களுக்குப் பிறகு: 21 நாளுக்குக் குறைவு, 35 நாளுக்கு அதிகம், அல்லது வருடத்துக்கு 8 முறைக்கும் குறைவு என்றால் காட்ட வேண்டும்.

* முதல் வருடம் தாண்டிய பிறகு, ஒரே ஒரு முறைகூட 90 நாளைத் தாண்டி இடைவெளி விழுந்தால் காத்திருக்க வேண்டாம்.

* 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை, 13 வயதாகியும் மார்பக வளர்ச்சியே தொடங்கவில்லை என்றால் காட்ட வேண்டும்.

* 7 நாளுக்கு மேல் போகிறது, 1 அல்லது 2 மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, பெரிய கட்டிகளாகப் போகிறது என்றால் உடனே காட்டுங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைவான உடம்பிலிருந்து இன்னும் ரத்தம் போவது ஆபத்து. சில பிள்ளைகளுக்கு ரத்தம் உறைவதில் பிறவியிலேயே குறை இருப்பதும் இப்படித்தான் முதலில் தெரியவரும்.

* பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத அளவு வலி மாதா மாதம் வந்தால், அதுவும் காட்ட வேண்டிய விஷயம்தான்.

பி.சி.ஓ.எஸ். என்ற நான்கு எழுத்து

இன்றைக்கு பீரியட்ஸ் தள்ளிப்போனாலே வீட்டில் முதலில் வரும் வார்த்தை 'பி.சி.ஓ.டி.' மருத்துவர்கள் இப்போது பெரும்பாலும் பி.சி.ஓ.எஸ். என்கிறார்கள். 1935-ல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவன்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை முதலில் விவரமாக எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குழந்தை பெறும் வயதுப் பெண்களில் 10 முதல் 13 சதவிகிதம் பேருக்கு இது இருக்கலாம். அவர்களில் 70 சதவிகிதம் வரை தங்களுக்கு இது இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள்.

பெயரில் இருக்கும் 'சிஸ்ட்' என்ற சொல்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து, 'சினைப்பையில கட்டியாம்' என்று அம்மாக்கள் அழுதுவிடுகிறார்கள். அது கட்டி அல்ல, புற்றுநோயும் அல்ல. முழுதாக வளராமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள்தான் ஸ்கேனில் முத்து முத்தாகத் தெரிகின்றன. அவற்றை அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டியதில்லை.

வளரிளம் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த வயதில் ஆரோக்கியமான சினைப்பையிலேயே நிறைய முட்டைப் பைகள் இருக்கும். ஸ்கேனில் அதுவும் அப்படியேதான் தெரியும். அதனால்தான், வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பி.சி.ஓ.எஸ். என்று முடிவு செய்யக் கூடாது என்று 2023-ல் வெளியான சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனையையும் இந்த வயதில் அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 12 வயதில் வயதுக்கு வந்த பெண் என்றால், 20 வயது வரை ஸ்கேன் மட்டும் சாட்சி ஆகாது.

அப்புறம் எதை வைத்துச் சொல்கிறார்கள்? வளரிளம் பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். ஒன்று, மேலே சொன்ன கணக்கைத் தாண்டிய ஒழுங்கற்ற மாதவிடாய். இரண்டு, ஆண்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதிகம் இருப்பதற்கான அடையாளம். மேலுதட்டிலும் தாடையிலும் அடர்த்தியாக முடி, எதற்கும் மசியாத கடுமையான பருக்கள், அல்லது ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம். ஒன்று மட்டும் இருந்தால், 'வாய்ப்பு இருக்கிறது, பின்னால் மறுபடி பார்க்கலாம்' என்று கண்காணிப்பில் வைப்பார்கள். அதற்கு முன், தைராய்டு, புரோலாக்டின் போன்றவை காரணமா என்றும் பார்த்துவிடுவார்கள்.

அளவுகோல் மாறினால் எண்ணிக்கை எவ்வளவு மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் பல மாநிலங்களில் 18 முதல் 40 வயதுப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஓர் அளவுகோலின்படி 7.2 சதவிகிதம் பேருக்கு பி.சி.ஓ.எஸ். இன்னோர் அளவுகோலின்படி 19.6 சதவிகிதம். எனவே ஒரு ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'எனக்கு வியாதி' என்று எந்தப் பிள்ளையும் முடிவு கட்ட வேண்டாம்.

தள்ளிப்போக இரண்டு வழி

ஒரே அறிகுறிக்கு நேரெதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம். நம் ஊரில் இரண்டுமே உண்டு.

முதல் வழி, இன்சுலின். பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கும் உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாது. அதனால் உடம்பு இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டும். முட்டை வளர்வது பாதியில் நிற்கும். கழுத்துக்குப் பின்னாலும் அக்குளிலும் வெல்வெட் போலக் கருப்பு படிவது இதற்கு ஓர் அடையாளம். அழுக்கு என்று நினைத்துத் தேய்த்தால் போகாது. வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஒல்லியாக இருக்கும் பெண்களுக்கும் பி.சி.ஓ.எஸ். வரும் என்பதையும் மறக்கக் கூடாது. நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, டீயும் பன்னும் வடையும், நள்ளிரவு வரை செல்போன் எல்லாம் சேர்ந்தால் இந்த வழி இன்னும் சுலபமாகிறது.

இரண்டாவது வழி, பட்டினி. சாப்பாடு போதாமல், உழைப்பு அதிகமாகி, மன அழுத்தமும் சேர்ந்தால் மூளையே சுழற்சியை நிறுத்தி வைத்துவிடும். 'இருக்கிற சத்தை முதலில் உயிரைக் காக்கப் பயன்படுத்துவோம்' என்பதுதான் உடம்பின் கணக்கு. சரியாகச் சாப்பிடாமல் விடுதியில் தங்கி வேலை செய்யும் பிள்ளைக்கும், எடை குறைக்கிறேன் என்று இரவுச் சாப்பாட்டை விட்ட கல்லூரி மாணவிக்கும் இது நடக்கலாம். இப்படியே நீண்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு பலம் பெறுவதும் பாதிக்கும்.

முதல் வகைப் பெண்ணுக்குச் சொல்லும் 'எடையைக் குறை' என்ற ஆலோசனை, இரண்டாவது வகைப் பெண்ணுக்குக் கேடாக முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன வைத்தியத்தை நம் பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்பது இதனால்தான்.

எந்த மாத்திரை, எதற்கு?

வலி மாத்திரை: கருப்பை சுருங்குவதற்கு புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் காரணம். ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் அதைக் குறைக்கின்றன. பீரியட்ஸ் வலிக்கு மருத்துவர்களே முதலில் எழுதித் தரும் மருந்துகள் இவைதான். சரியான அளவில், சாப்பிட்ட பிறகு, 2 அல்லது 3 நாள் எடுத்தால் பெரும்பாலோருக்குப் பிரச்னை இல்லை. வெறும் வயிற்றில், அளவு தெரியாமல், அடிக்கடி எடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்கள் கண்டிப்பாகக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மெஃபனமிக் ஆசிட் சிலருக்கு அரிதாகக் கடுமையான அலர்ஜியை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023-ல் எச்சரித்தது. அப்படி ஒன்று வந்தால், என்ன மாத்திரை போட்டாய் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும். பெயர் இல்லாத மாத்திரை போட்ட பெண் என்ன பதில் சொல்வாள்?

தள்ளிப்போடும் மாத்திரை: கோயில் நோன்பி, கல்யாணம், பரீட்சை என்றால் உடனே கடையில் வாங்குவது நோரெதிஸ்டிரோன். இது ஹார்மோன் மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. ரத்தம் உறையும் பிரச்னை, கடுமையான ஒற்றைத் தலைவலி, கல்லீரல் நோய் இருப்பவர்களுக்கு ஆபத்தாகலாம். ஒரு விசேஷத்துக்காக ஒரு முறை டாக்டரைக் கேட்டு எடுப்பது வேறு. வருடம் முழுக்க ஒவ்வொரு விசேஷத்துக்கும் எடுத்தால், அந்தப் பெண்ணின் உண்மையான சுழற்சி எது என்றே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஒழுங்குபடுத்தும் மாத்திரை: பி.சி.ஓ.எஸ். உறுதியானால், கருத்தடை மாத்திரை என்று நாம் அறிந்த ஹார்மோன் மாத்திரையை டாக்டர் எழுதலாம். 'கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இதையா குடுக்கறது' என்று அம்மாக்கள் பதற வேண்டாம். இங்கே அது ஹார்மோனைச் சமன்செய்யும் மருந்து. மாதக்கணக்கில் உதிராமல் தடித்துக்கொண்டே போகும் கருப்பைச் சுவரையும் அது காக்கிறது. சிலருக்கு சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினும் தருவார்கள். அதற்காகப் பிள்ளைக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஹாஸ்டலில் ஓர் ஆய்வு

மாத்திரைக்கு முன்பே தொடங்கக்கூடியது வாழ்க்கைமுறை. இதற்கு நமக்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஆந்திராவின் ஒரு விடுதிக் கல்லூரியில் 15 முதல் 18 வயதுள்ள 460 மாணவிகளைப் பரிசோதித்த ஆய்வு 2011-ல் வெளியானது. அவர்களில் 9.13 சதவிகிதம் பேருக்கு பி.சி.ஓ.எஸ். இருந்தது. அதே ஆய்வுக் குழு, பி.சி.ஓ.எஸ். உள்ள வளரிளம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, 12 வாரத்துக்கு ஒரு பிரிவுக்கு யோகாவும் இன்னொரு பிரிவுக்கு வழக்கமான உடற்பயிற்சியும் தினமும் ஒரு மணி நேரம் கொடுத்துப் பார்த்தது. யோகா செய்த பிரிவில் டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச். போன்ற அளவுகள் கூடுதலாகக் குறைந்தன. மாதவிடாயும் முன்பைவிட ஒழுங்காக வரத் தொடங்கியது.

கலந்துகொண்டவர்கள் சுமார் 90 பேர்தான். அதனால் யோகா செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு விடுதியில், பெரிய செலவில்லாமல், தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஹார்மோன் அளவிலேயே மாற்றம் தெரிகிறது என்பது ஆலை விடுதி நடத்துபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

வீட்டில் செய்யக்கூடியவையும் பெரிய காரியம் அல்ல. காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. ராகிக் களி, கம்மங்கூழ், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு, முட்டை, முருங்கைக்கீரை எல்லாம் கொங்கு வீட்டில் புதிதில்லை. டீ இடைவேளையில் பன்னுக்குப் பதில் ஒரு கை சுண்டல் அல்லது வறுத்த கடலை எடுத்துக்கொள்ளலாம். தினமும் 7, 8 மணி நேரத் தூக்கம் வேண்டும். உடல் எடை அதிகம் இருப்பவர்களுக்கு அதில் 5 சதவிகிதம் குறைந்தாலே பலருக்குச் சுழற்சி சீராகிறது. 60 கிலோ என்றால் வெறும் 3 கிலோதான்.

வீட்டில் கேட்கும் பேச்சுகள்

'கல்யாணம் பண்ணுனா எல்லாம் சரியாப் போயிடும்.'
போகாது. கல்யாணம் ஹார்மோனுக்கு மருந்தல்ல. 18 வயதுக்கு முன் என்றால் அது சட்டப்படி குற்றமும்கூட.

'பி.சி.ஓ.டி. இருந்தா கொழந்தையே பொறக்காதாமா.'
தவறு. பி.சி.ஓ.எஸ். உள்ள பெரும்பாலான பெண்கள் தாயாகிறார்கள். சிலருக்குச் சிகிச்சை தேவைப்படலாம். 16 வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்துவதால் அவளுக்கு மன அழுத்தம்தான் கூடும்.

'பொம்பளை டாக்டர்கிட்டப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க?'
பீரியட்ஸ் பிரச்னைக்கு டாக்டரைப் பார்ப்பது பல் வலிக்குப் பார்ப்பது போலத்தான். வயதுவந்த பிள்ளைகளுக்கு ஸ்கேன் வயிற்றின் மேல்தான் எடுப்பார்கள். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனால் போதும். சில சமயம் கர்ப்பப் பரிசோதனையும் கேட்பார்கள். அது எல்லோரிடமும் கேட்கும் வழக்கமான நடைமுறை. பிள்ளையைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

'வலின்னா தாங்கித்தான் ஆகணும், நாங்கெல்லாம் தாங்கலையா?'
வலி மாத்திரைக்கும் அடங்காத வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் போன்ற வேறு காரணம் இருக்கலாம். தாங்கத் தாங்க அது கண்டுபிடிக்கப்படுவதுதான் தள்ளிப்போகும்.

எங்கே போவது?

பெற்றோரில் ஒருவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், கல்யாணம் ஆகாத மகளுக்கும் அந்தச் சிகிச்சை உண்டு. பிள்ளையே வேலைக்குப் போய் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அவள் பெயரிலேயே அந்த உரிமை இருக்கிறது. சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். திருப்பூரில் 2019-ல் அடிக்கல் நாட்டிய 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 2022 ஜனவரியில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியும் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்காகவே மத்திய அரசு 2014-ல் தொடங்கிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளில் தனி ஆலோசனை மையங்கள் நடக்கின்றன. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் கிடைக்கும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். சந்தேகம் கேட்க 104-க்கு போன் செய்யலாம். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வேலையிடத்தில் துன்புறுத்தினால் 1098, பெண்களுக்கான உதவிக்கு 181.

கம்பெனிகளிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2019-ல் அந்தச் செய்தி வந்தபோது நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே, 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் மருத்துவ, செவிலியர் பணியாளர்களோடு ஒரு முதலுதவி அறை இருக்க வேண்டும் என்று சொன்னது. வளரிளம் பெண்களை இரவு 7 மணிக்கு மேல் வேலை வாங்கவும் தடை விதித்தது. சட்டத்தில் அறை இருந்தது, நர்ஸ் இருந்தார். அந்தப் பெண்களின் கைக்கு வந்ததோ பெயர் இல்லாத மாத்திரை.

கம்பெனியில் மாத்திரை கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்ல முடியாது. வலியில் துடிக்கும்போது அது கேட்காது. ஆனால் மூன்று கேள்விகளைச் சொல்லிக்கொடுக்கலாம். 'இது என்ன மாத்திரைங்க அக்கா? அட்டையைக் காட்டுங்க. யார் எழுதிக் குடுத்தது?' அட்டையை செல்போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்டையே இல்லை என்றால், அந்த மாத்திரை வேண்டாம்.

கூடவே இன்னொரு வேலை. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் கணக்கும் கேஸ் வந்த தேதியும் எழுதுகிறோம். அதே காலண்டரில், பீரியட்ஸ் தொடங்கும் நாளில் பிள்ளையை ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். விடுதியில் இருக்கும் பிள்ளை செல்போனில் குறித்துக்கொள்ளட்டும். எத்தனை நாள் போனது, வலி எப்படி, என்ன மாத்திரை எடுத்தாள் என்று பக்கத்தில் ஒரு வரி. 6 மாதம் கழித்து டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். எந்த ஸ்கேனையும்விட அவர் முதலில் பார்க்க விரும்புவது அதைத்தான்.